உடம்புக்கு நல்லது

நிரஞ்சனிக்கு விக்கல் நிற்கவில்லை.

உஷாராணி முதலில் சிரித்தாள். "யாரோ உன்ன நெனைக்கிறாங்க லா."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிரஞ்சனியும் சிரித்தாள். அடுத்த விக்கலில் அவள் பேனா தாளில் கோணலாக ஒரு கோடு இழுத்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் இப்போது அவர்கள் இருவர்தான். கிறிஸ்மஸ் லீவுக்கு மற்றப் பெண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கணக்கியல் படிக்கும் இவர்களுக்கு மட்டும் கடைசிப் பேப்பர் பாக்கி. நாளைக் காலை ஆடிட்டிங்.

போன செமஸ்டரில் மெகி மீ நூடுல்ஸும் கோப்பியுமாகப் படித்து, பரீட்சை மண்டபத்திலேயே மயங்கி விழுந்தவள் உஷாராணி. இந்த முறை அப்படி ஆகவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். சிவப்பரிசிச் சோறு, அவித்த கீரை, காலையில் வாழைப்பழம், மாலையில் இளநீர். தூக்கம் நன்றாக வந்தது. படித்தது மனதில் நின்றது.

நிரஞ்சனிக்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு பங்காகவே செய்தாள்.

நிரஞ்சனி எதையும் தொடவில்லை.

வாழைப்பழம் வேண்டாம். கீரை வேண்டாம். இளநீர் வேண்டாம். தக்காளி போட்ட ரசம்கூட வேண்டாம். வெள்ளை ரொட்டி, இல்லாவிட்டால் வெள்ளைச் சோறு. தண்ணீரையும் சின்னக் கப்பில் ஊற்றி, வாயை நனைப்பதுபோலத்தான் குடித்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

கேட்டால், "எனக்குப் பழக்கமில்ல" என்பாள். கிள்ளானில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வாரத்தில் பாதி நாள் கிளம்பிப் போவாள். திரும்பி வரும்போது நிற்க முடியாமல் வருவாள். நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நேற்று உஷாராணியால் பொறுக்க முடியவில்லை. "நான் செஞ்சா மட்டும் ஏன் ஒனக்கு எறங்க மாட்டேங்குது?" என்று கேட்டவள், கேட்டபடியே அழுதுவிட்டாள். பரீட்சை நேரத்தில் யாருக்கும் அழுகை சீக்கிரம் வரும்.

அதனால்தான் இன்று காலை ஜூஸை நீட்டியபோது நிரஞ்சனி உடனே மறுக்கவில்லை. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்க?"

"பச்சை ஆப்பிள், வெள்ளரிக்கா. வேற ஒன்னும் இல்ல."

நிரஞ்சனி கொஞ்சம் யோசித்தாள். தோழியின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று முழுவதையும் குடித்தாள். உஷாராணிக்குப் பரீட்சையில் பாஸானதுபோல இருந்தது.

வெயில் ஏறியபோது விக்கல் தொடங்கியது. இப்போது பால்கனியில் நிழல் நீண்டுவிட்டது. மூச்சை அடக்கிப் பார்த்தாயிற்று. நாக்கில் சீனி வைத்துப் பார்த்தாயிற்று.

நிரஞ்சனி வெகு நேரமாகப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் நழுவியது. தன் கையையே வெறித்துப் பார்த்தவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"உஷா. உண்மையச் சொல்லு. அந்த ஜூஸ்ல என்ன இருந்துச்சு?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் உஷாராணியைப் பயமுறுத்தியது.

"பெலிம்பிங்தான். ஜெஞ்சாரோம்ல மாமா தோட்டத்துப் பழம். புளிக்கும்னு நீ வேணாம்னு சொல்லிடுவே, அதான் சொல்லல." அவள் குரல் இறங்கியது. "உடம்புக்கு நல்லதுதானே?"

வெட்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாக விழும் பழம். மூன்று பழம் பிழிந்திருந்தாள்.

நிரஞ்சனி, எந்த வெயிலிலும் மடிக்காத சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினாள். தோழியின் கையைப் பிடித்து இழுத்து, தன் முன்கையின் மேல் வைத்தாள்.

அங்கே நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. அதன்மேல் வரிசையாக ஊசி குத்திய வடுக்கள். தோலுக்கு அடியில் ஏதோ ஓயாமல் அதிர்ந்தது, ஓடுகிற மோட்டாரைத் தொட்டதுபோல.

"டியூஷன் இல்ல, உஷா. டயாலிசிஸ். பாவமா பாப்பீங்கன்னுதான் யாருகிட்டயும் சொல்லல." விக்கல் குறுக்கிட்டது. "ஆம்புலன்ஸ் கூப்பிடு. பெலிம்பிங் குடிச்சிட்டேன்னு சொல்லு. மறக்காம அதச் சொல்லு. கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம், மூளைக்கு ஏறிடும்."

உஷாராணி போனில் மலாயும் ஆங்கிலமுமாக உளறினாள். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள். நோயாளியின் பெயர். வயது. எவ்வளவு காலமாக டயாலிசிஸ்? எந்த மருத்துவமனை? என்ன மருந்து?

பெயரும் வயதும் சொன்னாள். மற்றதற்கெல்லாம் தெரியாது, தெரியாது என்றாள்.

இரண்டு வருடமாக ஒரே வீடு.

வண்டி கிளம்பிவிட்டது என்றாள் அந்தப் பெண். கதவைத் திறந்து வையுங்கள், நோயாளியிடம் பேசிக்கொண்டே இருங்கள், விடாதீர்கள்.

உஷாராணி கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓடிவந்தாள். நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு நிரஞ்சனியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துடுவாங்க. என்னப் பாரு. நான் இங்கதான் இருக்கேன்."

நிரஞ்சனி பார்த்தாள். நெற்றி சுருங்கியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படி மரியாதையான ஒரு சிரிப்பு அவள் உதட்டில் வந்தது.

"அக்கா," என்றாள். "நீங்க யாரு?"