பேசாத மெக்கானிக்

மெக்கானிக் ஒரு கவரை மேசைமேல் வைத்துவிட்டு நின்றதும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இப்படித்தான் ராஜினாமா கொடுத்திருந்தார்கள். இவரும் போனால் அச்சகத்தில் பாதி மெஷின் படுத்துவிடும்.

"சம்பளத்தைக் கூட்டித் தரேன், போயிடாதீங்க."

மெக்கானிக் வாய் திறக்கவில்லை.

"சீஃப் மெக்கானிக் ஆக்கிடறேன்."

மெக்கானிக் கவரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். பணமும் பதவியும் மட்டும் போதாது, பாராட்டவும் வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னது மேனேஜருக்கு ஞாபகம் வந்தது.

"பன்னெண்டு வருஷமா இந்த மெஷினெல்லாம் உங்க கையாலதான் ஓடுது. நான்தான் அதை ஒரு நாளும் சொன்னதில்லை."

மெக்கானிக்கின் கண்கள் கலங்கின. மேனேஜர் சூட்டோடு சூடாகப் பதவி உயர்வு ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, நிம்மதியாகக் கவரைப் பிரித்தார்.

'ஐயா, கடைவாய்ப்பல் வலியில் உயிர் போகிறது. வாயைத் திறக்க முடியவில்லை. அரை நாள் லீவு வேண்டும்.'

மறுநாள் காலையில் வீக்கம் வடிந்த முகத்தோடு மெக்கானிக் வந்து நின்றார்.

"ஆர்டர் பத்திரமா இருக்கு சார். பன்னெண்டு வருஷம்னு ஏதோ சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. நேத்து வலியில சரியாக் கேக்கல."