இன்னும் ஒரு கை பாக்கி

“இன்னொரு தடவை எழுந்து, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அன்பா கை கொடுத்து ஸ்தோத்திரம் சொல்லுங்க!” என்றார் போதகர்.

சபை திருதிருவென விழித்தது. அன்றைய ஆராதனையில் இது மூன்றாவது வாழ்த்து. பிரசங்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

“இப்பதானே கொடுத்தோம்? ரேகை அழிஞ்சிடும் போல,” என்று முணுமுணுத்தார் தையல்காரர்.

“ஏதோ விஷயம் இருக்குண்ணே,” என்றார் பக்கத்தில் நின்ற வேன் டிரைவர்.

போதகர் தொண்டையைக் கனைத்தார். “இங்க ஒருத்தருக்கு இன்னொருத்தர் மேல மனத்தாங்கல் இருக்கு. அது தீராம நான் வேதத்தைத் திறக்கப் போறதில்லை.”

தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது.

“தம்பி, யாரோ ஐயாகிட்ட போட்டுக் கொடுத்துட்டாங்க. உன் கல்யாணக் கோட்டுல ஒரு கை குட்டையாப் போச்சே, அது துணி சுருங்கினதால இல்லப்பா. நான்தான் தப்பா வெட்டிட்டேன்.”

“அட, விடுங்கண்ணே. எல்லா போட்டோவிலயும் அந்தக் கையைப் பொண்ணுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுட்டேன்.” டிரைவர் தலையைச் சொறிந்தார். “அன்னைக்கு மழையில நீங்க வண்டியை நிறுத்தச் சொல்லி ஓடி வந்தீங்களே, பார்க்கலைன்னு சொன்னேனே... பார்த்தேண்ணே. கண்ணாடியில நல்லாவே தெரிஞ்சீங்க.”

இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஓரகத்திகள் இருவர், யார் குக்கர் மூடி யார் வீட்டில் இருக்கிறது என்பதை அழுதபடி ஒப்புக்கொண்டார்கள். பல் டாக்டர் தன் பழைய நோயாளியிடம், “நான் பிடுங்கினது பக்கத்துப் பல்,” என்றார். நோயாளி அவரைக் கட்டிப்பிடித்தார், கொஞ்சம் இறுக்கமாகவே.

“எல்லாரும் சமாதானமாயிட்டீங்களா?”

“ஆயிட்டோம் ஐயா!” கூரை அதிர்ந்தது.

“இல்ல. இன்னும் ஒருத்தர் பாக்கி.”

போதகர் மேடையிலிருந்து இறங்கினார். பாட்டுப் புத்தகத்தை மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்த கீபோர்டு வாசிக்கும் அம்மாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர்.”

அந்த அம்மா நிமிரவில்லை.

“போன வாரம் பொறுமை இல்லாதவங்களுக்கு உதாரணம்னு மேடையில என்னைச் சொன்னீங்க. இன்னைக்கு எதுக்கு உதாரணம்?”

“எதுக்கும் இல்ல. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க.”

அந்த அம்மா புத்தகத்தை மூடினார். பிறகு உதட்டோரம் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார். “சரி, ஸ்தோத்திரம்!”

சபை கைதட்டியது. போதகர் அந்த அம்மாவின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னதை, சட்டையில் மாட்டியிருந்த மைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“அப்போ இன்னைக்கு நம்ம வீட்டுல எனக்கும் சேர்த்துச் சமைப்பேல்ல? கட்டின புருஷனுக்கு ஒரு வாரமா பிரெட்டும் ஜாமும்தாம்மா!”