பேர் சொல்ல ஒரு நத்தை

“கிராணி ஐயா, ஓடியாங்க! நம்ம நத்தை குஞ்சு பொரிச்சிருக்கு!”

சன்னாசி கண்ணாடித் தொட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். இப்போது ஐயாத்துரைக்காக மலையேறி நத்தை பிடிப்பவன்.

ஐயாத்துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சுண்ணாம்புக்கல் பதித்த ஈரமண்ணில் கடுகு கடுகாய் ஏழெட்டுக் குஞ்சுகள்.

“போச்சுதடாப்பா,” என்று நாற்காலியில் சாய்ந்தார்.

“புள்ள பொறந்தா சந்தோசந்தானே படணும்?”

“இதுகள் பிறந்ததாலை என்ரை பிள்ளை போச்சுது.”

ஈப்போ சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர் ஐயாத்துரை. வேறு பிள்ளைகுட்டி இல்லை. அடுத்த மாதம் பென்ஷன். சும்மா கிடந்த அந்தக் கிழட்டு மனசில் ஆசையை விதைத்தது தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு நத்தைப் பைத்தியத் துரை.

கோயில் மலை நத்தையும் மொட்டை மலை நத்தையும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. ஆனால் சுண்ணாம்புப் பாறையை விட்டு இறங்கினால் நத்தை பிழைக்காது. ஆக, இரண்டு மலைக்கும் பல்லாயிரம் வருஷமாய்ப் போக்குவரத்தில்லை. பங்காளி அந்நியனாகியிருப்பானோ? மலைக்கு ஒன்றாய்ப் பிடித்து ஒரே தொட்டியில் ஒரு வருஷம் வைத்துப் பார். குஞ்சு பொரிக்காவிட்டால் வேறு வேறு இனம். மொட்டை மலை நத்தை உலகத்துக்கே புதுசு. அதற்கு உன் பெயரை வைக்கிறேன் என்றார் துரை.

“சேர்ந்து குஞ்சு பொரிச்சால் ஒரே இனம். விளங்குதே?” என்றார் ஐயாத்துரை சன்னாசியிடம்.

“அதெப்படிங்க? குறுக்க ஒரு கடல் கெடந்ததுக்கே யாழ்ப்பாணத்து ஐயா நீங்க எங்க வீட்டுல கை நனைக்கிறதில்ல. அப்ப நாம வேற வேற இனமா?”

“வாயை மூடு. நத்தைக்குப் புத்தி கூட.”

ஐயாத்துரை கடிதத்தாளை எடுத்தார். சன்னாசிக்கு முகம் வெளுத்தது.

“ஐயா, வேணாங்க. குஞ்சுகள நான் கொண்டுபோய் எங்கயாச்சும் விட்டுடறேன். பொரிக்கலேன்னே எழுதுங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

“ஒரு பொய்க்கோ என்ரை பேரை வைக்கிறது?”

இரண்டே வரி. எழுத அரைமணி நேரமாயிற்று. துரை நாளை சீமைக்குக் கப்பலேறுகிறார். அவர் எழுதிய நத்தைப் புத்தகம் கையோடு அச்சுக்குப் போகிறது. வாசலில் வந்த தபால்காரனிடம் கடிதத்தைக் கொடுத்தார். சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பினால், சன்னாசி தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான்.

“நீ ஏன்டா அழுறாய்? உன்னாலைதானே உண்மை தெரிஞ்சது! ஒரு வருஷமா ரெண்டையும் சாகவிடாமல் காப்பாத்தி வைச்சிருக்கிறாய். அதுக்கே உனக்கொரு வேட்டி எடுத்துத் தரவேணும்.”

“காப்பாத்தலீங்க ஐயா. மொட்டை மலை நத்தை மூணாம் மாசமே செத்துப்போச்சு. வேற புடிச்சாரலாம்னு போனா, குவாரிக்காரன் வெடிவச்சு மொட்டை மலையையே சல்லியாக்கிட்டான். நீங்க மனசு ஒடைஞ்சு போயிருவீங்களேன்னு, கோயில் மலையிலேருந்தே இன்னொண்ணப் புடிச்சு விட்டேன்.”