ஏறுமுகத்தில் நின்ற இறக்கை

தன்னேகே கடலோரக் கரைமேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மாவரைக்கும் காற்றாலையின் மேல் இறக்கை உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது. அடடா, அவள் கேட்க வந்ததை யாரோ முந்திக்கொண்டு கேட்டு வாங்கிவிட்டார்கள்!

இருநூற்றைம்பது வருஷமாக எங்கள் ஊருக்கு அந்த இறக்கைதான் தண்டோரா. ஏறும்போதே நிறுத்தினால் நல்ல சேதி, உச்சி தாண்டி இறங்கும்போது நிறுத்தினால் சாவு. எங்கள் ஊர்க்காரன் வாய் கூசாமல் பொய் சொல்வான், இறக்கை சொல்லாது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து தன்னேகேவுக்கு இப்போது நாலு மாசம். புருஷன் லேனேர்ட்டிடம் இன்னும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் இறால் படகு திரும்பும்போது அவன் கடலிலிருந்தே இறக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நேற்று ராத்திரியும் வலை வேலை என்று பாவி மனுஷன் வீட்டுக்கே வரவில்லை.

ஆலைக்காரர் வௌட்டர் வெளியூர்க்காரர். வேலைக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகிறது, இன்னும் ஊரில் முகம் பழகவில்லை.

"வாங்கம்மா, ஆலையைச் சுத்திப் பாக்கவா?"

"இறால் படகு லேனேர்ட் வீட்டுலேர்ந்து வர்றேங்க. இறக்கை யாருக்காக நிக்குது?"

"அட, அவருக்காகத்தான்! விடியக்காலையில ஓடி வந்து நிறுத்தச் சொன்னாரு. என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை!"

தன்னேகேவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தினமும் காலையில் அவள் வாந்தி எடுப்பதை அவன் கவனித்திருக்கிறான்!

"திருட்டு மனுஷன்! நான் சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாரா? ஒன்பது வருஷமா எங்க வீட்டுல இதுக்குத்தானே ஏங்கிக் கெடந்தோம்."

"இருக்காதா பின்னே! இந்தாங்க, அவரு குடுத்ததுதான்." வௌட்டர் தட்டை நீட்டினார். வெண்ணெய் தடவிய ரஸ்க், மேலே ரோஸ் நிறச் சோம்பு மிட்டாய்.

தன்னேகே ஒரு கடி கடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ளை பொறந்தப்புறம்ல இதைக் குடுப்பாங்க! இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு. அதுக்குள்ள பொண்ணுன்னு முடிவு பண்ணி ரோஸ் கலரு வேற! ஆசையைப் பாருங்க!"

வௌட்டர் விழித்தார். "அஞ்சு மாசமா? நேத்து ராத்திரியே அக்கரை ஆஸ்பத்திரியில பொறந்தாச்சேம்மா. மூணரை கிலோவாம். தாயும் பிள்ளையும் சுகம்னாரே."

ரஸ்க் அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டது. வௌட்டர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீங்க பாப்பாவுக்கு அத்தைதானேம்மா?"