மேனேஜர் தட்டிய கை

பேஸ்பால் அணியின் மேனேஜர் ஓர்சினி, வீச்சாளரின் மேட்டை நோக்கி நடந்தவாறே, தம் இடக்கையைத் தட்டினார்.

மைதானத்தின் கோடியில், வேலிக்குப் பின்னால், மாற்று வீச்சாளர்கள் இருவர் கைகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தனர். ஹாலரன் வலக்கைக்காரன், லானி டேபர் இடக்கைக்காரன். அடுத்து மட்டை பிடிக்க வருபவனோ இடக்கை வீச்சைத் தேடித் தேடி அடிப்பவன். ஆகவே தட்டப்பட வேண்டியது வலக்கைதான் என்பதில் அரங்கத்தில் எவருக்கும் ஐயமில்லை.

வேலிக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்த ஹாலரன் அப்படியே நின்றான்.

அம்பயர் சைகையைப் பார்த்துவிட்டார். எந்தக் கை தட்டப்பட்டதோ அந்தக் கைக்காரன் வந்தே தீர வேண்டும். பேஸ்பால் விதி அதில் இரக்கம் காட்டாது.

லானிக்கு முப்பத்தொன்பது வயது. பருவத்தின் கடைசி ஆட்டம் இது. இதற்குமேல் எந்த அணியும் தன்னை அழைக்கப்போவதில்லை என்பதை அவன் அறிவான். ஒன்பது அணிகளின் சீருடையை அணிந்தவன். எந்த ஊரிலும் வீடு வாங்கும் அளவுக்கு நிலைத்தவனல்லன். ஒருவனுக்குத் தோள் வலி, இன்னொருவனுக்கு விமானத் தாமதம், வேறொருவனின் மனைவிக்குப் பிரசவம்: பிறர் இடறிய இடங்களில்தான் அவனுக்கு வாய்ப்பு முளைத்தது. அதற்காக அவன் வருந்தியதில்லை. இடறியவர்களுக்கு மனத்துக்குள் நன்றி சொல்லியே வாழ்ந்துவிட்டான்.

ஒரேயொரு குறை மட்டும் இருந்தது.

அவன் மனைவி மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். விடுப்புக் கிடைத்து அவள் அரங்கத்துக்கு வந்த நாள்களில் எல்லாம், அவன் கையைச் சூடேற்றிவிட்டு, அழைப்பின்றி உட்கார்ந்திருக்கிறான். அவன் மேட்டில் நிற்பதை அவள் ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. இன்றும் வந்திருந்தாள், சிவப்புக் குல்லாய் அணிந்து, மடியில் வேர்க்கடலை ஓடுகளைக் குவித்துக்கொண்டு.

இன்றும் யாரோ இடறியிருக்கிறார் என்ற நன்றியுடன் லானி புல்தரையின் குறுக்கே ஓடினான்.

அரங்கம் சிரித்தது. மேல்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ் ஓர்சினி, வலது கை எதுன்னு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டு வாய்யா" என்று கத்தினான்.

ஓர்சினி திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை லானியின் கையில் வைத்து அழுத்தினார்.

"தப்பான கையைத் தட்டித் தொலைச்சிட்டேன்டா. வந்தது வந்துட்ட, இந்த ஒருத்தனை அனுப்பிட்டுப் போ."

ஒரே ஓர் ஓட்டம்தான் முன்னிலை. தளங்களில் எதிரணியினர் இருவர் ஓடக் காத்திருந்தனர். இருவர் ஏற்கெனவே ஆட்டமிழந்திருந்ததால், ஆட்டத்தை முடிக்கத் தேவைப்பட்டது இன்னும் ஒருவன் மட்டுமே.

லானி குனிந்து, மட்டையாளனுக்குப் பின்னால் அமர்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் எலியேசரின் விரல்களைப் பார்த்தான்.

மற்ற வீச்சாளர்களுக்கு, எந்தப் பந்தை வீசுவதென்று தொப்பிக்குள் பேசும் கருவி உண்டு. ஒமாஹாவில் பந்தடி பட்டுக் காது மந்தமானது முதல் லானிக்கு மட்டும் பழைய முறைப்படி விரல் காட்ட வேண்டியிருந்தது. மாலை நிழலில் விரல்கள் தெரிவதற்காக எலியேசர் நகங்களில் மஞ்சள் சாயம் பூசிக்கொள்வான். முன்கூட்டிப் பூசினால் தோழர்கள் அழகி என்று அழைத்துக் கேலி செய்வார்கள் என்பதால், மேனேஜர் கையைத் தட்டிக் காட்டிய பின்னரே, லானி ஓடிவரும் இடைவெளியில், அவசரமாகப் பூசுவான். பிறகு கைகுலுக்கும்போது லானியின் உள்ளங்கை முழுவதும் மஞ்சளாகும். கிழவனுக்கு இன்றைக்குக் கல்யாணம் என்பான் எலியேசர்.

இரண்டு மஞ்சள் நகங்கள் கீழே காட்டின. வளைபந்து.

முதல் பந்து விலகிச் சென்றது. அடுத்ததை மட்டையாளன் இழுத்தடிக்க, பந்து கோட்டுக்கு வெளியே, கூட்டத்துக்குள் விழுந்தது. அரங்கம் மூச்சை இழுத்துக்கொண்டது. மூன்றாவது பந்து லானி நினைத்த இடத்தில், நினைத்தபடி தாழ்ந்தது. மட்டையின் அடிவிளிம்பில் பட்டுத் தரையில் உருண்டு, இடைக்காவலனின் கைக்குப் போய், அங்கிருந்து முதல் தளத்தை ஓடுபவனுக்கு முன்பே அடைந்தது; மூன்றாமவனும் ஆட்டமிழந்தான்.

மார்லிஸ் எழுந்து நின்றாள். கடலை ஓடுகள் அனைத்தும் அவள் காலடியில் சிதறின.

லானி தொப்பியைக் கழற்றி அந்தச் சிவப்புக் குல்லாயை நோக்கி உயர்த்தினான். ஆட்டக்காரர்களின் பெஞ்சை நோக்கி நடந்தபோது அவன் கண்களில் பக்கத்து ஏரியின் காற்று உறுத்தியது. காற்றுக்கும் நன்றி சொன்னான்.

கூட்டம் இன்னும் ஓர்சினிக்கு இடம் வலம் கற்பித்துக்கொண்டிருந்தது. அவர் படியில் சாய்ந்து, சூரியகாந்தி விதை மென்றபடி, அதை முழுவதும் வாங்கிக்கொண்டிருந்தார்.

எலியேசர் கை நீட்டினான். வழக்கத்துக்கு மாறாக அவன் கல்யாணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. லானி அந்தக் கையை இறுகப் பற்றிக் குலுக்கினான். பின்னர், பழக்கத்தின் காரணமாக, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைக்கப் போனவன் நின்றான்.

துடைப்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

ஓர்சினி கையைத் தட்டும் முன்பே பூசிய சாயம், எப்போதோ காய்ந்துபோயிருந்தது.