ஷெல்டருக்கு ஒரு ஆள்

பதினைந்து பேர் சேராமல் நெல்லிவாசல் ஜீப் நகராது. அன்பரசியோடு சேர்த்து ஆறு பேர்தான் இருந்தார்கள்.

சாமை அறுக்கப் போன புருசன் சக்திவேல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் நேரம். அடுப்பு குளிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் நேராக இங்கேதான் ஓடி வருவான்.

போன தடவை அம்மா வீட்டுக்கு ஓடினாள். மூன்றாம் நாளே சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கை முறிந்ததுதான் மிச்சம்.

கட்டுப் போட்ட நர்ஸ் வெண்ணிலாதான் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். ஷெல்டர். அடி தாங்காமல் வரும் பெண்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் இடமாம். புருசனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்களாம். அன்பரசி அதை மாத்திரைப் பேர் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"இன்னாடி, கொழந்தயத் தூக்கினு எங்க கெளம்பிட்ட?" என்றாள், எதிரே சீத்தாப்பழக் கூடையோடு இருந்த கெங்கம்மாள்.

மலையில் இப்படிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டால் அதுவே ஊருக்குச் சேதியாகிவிடும். அன்பரசிக்கோ பொய் சொல்ல வராது. இங்கே யாருக்கு இங்கிலீஷ் தெரியப் போகிறது?

"ஷெல்டருக்குப் போறேன்க்கா."

ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைத்து கெங்கம்மாள் தலையாட்டினாள்.

கண்ணாடியில் டிரைவர் விஜயராஜின் கண்கள் மட்டும் அன்பரசியின் மேல் நின்றன. அவன் சக்திவேலின் கூட்டாளி.

விஜயராஜ் போனை எடுத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஆறே பேரோடு வண்டியைக் கிளப்பினான். இவனுக்கென்ன பைத்தியமா என்று கெங்கம்மாள் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

அடிவாரத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள். அன்பரசி நீட்டிய காசை அவன் வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"உள்ள போய்ட்டா, அவன் வந்து கூப்ட்டாலும் வெளிய வராதம்மா. கேட்டாண்ட நின்னு அழுவான். கால்ல வுழுவான். நம்பிடாத."

"ஒனக்கு எப்டிண்ணா தெரியும்?"

"நானும் அழுதேன்," என்றான். "நம்பி வந்துட்டா."

விஜயராஜின் பெண்டாட்டி கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்தாள் என்றுதான் மலை முழுக்கச் சொன்னார்கள். அன்பரசியும் அந்தச் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவள்தான்.