மூன்றாவது கீபோர்டு

"இதுவும் டப்பாங்க," என்று கீபோர்டை மேசையில் போட்டேன். பல்லடத்திலிருந்து காந்திபுரத்துக்கு இது மூன்றாவது நடை.

கடைக்காரம்மா ஜெபராணி நிதானமாகக் கேட்டார். "என்னங்க பண்ணுது?"

"பேரு அடிச்சா உழுகுது. பாஸ்வேர்டு அடிச்சா ஒரு எழுத்துகூட உழுக மாட்டீங்குது. மூணு கீபோர்டும் இப்படித்தான்."

"விண்டோஸுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "தொண்ணூத்தொம்பதாம் வருசத்துலயும் விண்டோஸாங்க? அதெல்லாம் மவுஸைத் தேய்க்கறவங்களுக்கு. போன வாரமே லினக்ஸ் போட்டுட்டனுங்க. கீபோர்டு விக்கறவங்களுக்குச் சொன்னாப் புரியாது."

அவர் பில் போடும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அது பாஸ்வேர்டு கேட்டது. படபடவென்று அடித்தார். திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை.

"பாத்தீங்களா, உங்க கீபோர்டும் டப்பா."

அவர் என்டரைத் தட்டினார். லினக்ஸ் திறந்துகொண்டது.

"பாஸ்வேர்டு அடிச்சா லினக்ஸ்ல வெளிய தெரியாதுங்க. புதுசாக் கத்துக்கறவங்களுக்குக் குழப்பமாத்தான் இருக்கும். பல்லடத்துலயே நாளைக்கு ஒருத்தரு லினக்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கறாருங்க. போயிச் சேந்துக்குங்க," என்று ஒரு நோட்டீஸை நீட்டினார்.

'லினக்ஸ் நிபுணர் நஞ்சுண்டன்' என்ற எழுத்துக்கு மேலே, கோட்டுப் போட்டுக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.